வடக்குச் சரிவின் ஓடு

அத்தியாயம் 14

"உங்க வீட்ல மகன்கள் எத்தனை பேருங்க?"

வியாழக்கிழமை மாலை கோட்டை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் வந்த கேள்வி அது. ஒரே மகன், அது நான்தான் என்றேன். மறுமுனையில் இருந்த பெண் ஏதோ காகிதத்தைப் புரட்டுவது கேட்டது. பிறகு, "அப்படிங்களா... ஞாயிற்றுக்கிழமை நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டாள்.

சென்ற வாரம் அதோடு நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிந்தைய இரண்டு நாட்களும் எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்தித்தாளை விரிப்பேன், மடிப்பேன். தோட்டத்துக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன்.

அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் கசுமினே கோட்டையின் கூரையைப் புதுப்பித்தபோது, ஊரில் வீட்டுக்கு ஓர் ஓடு கொடுத்தோம். ஓட்டின் பின்புறத்தில் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களையும் ஒரு வேண்டுதலையும் தூரிகையால் எழுதித் தர வேண்டும். எழுதிய பக்கம் கீழே போகும். கூரையை மறுபடி பிரிக்கும்வரை மனிதர் கண் அதில் படாது. போன வருட நிலநடுக்கத்துக்குப் பிறகு இப்போது பிரித்திருக்கிறார்கள். விரிசல் விடாதவை வடக்குச் சரிவில் மீண்டும் ஏறும். அதற்கு முன் ஒருநாள் அந்தந்தக் குடும்பத்தார் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

என் தந்தை நிஷிகோரி சதாமிச்சி இந்த ஊர்ப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் தலைமையாசிரியர். அவருடைய படம் இன்றும் அங்கே மாட்டியிருக்கிறது. அவருக்கு முன் ஏழு தலைமுறை, கோட்டையின் தெற்கு வாசலைக் காத்தவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுப் பெயரில் ஒரு கீறல் கிடையாது.

போன மாதம் என் மகள் சிஹாரு ஒருவனை வீட்டுக்கு அழைத்து வந்தாளே, ஹதானோ, கூரை வேலைக்காரன், அவனிடமும் அதைத்தான் சொன்னேன். அவனுடைய குடும்பப் பதிவேட்டில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. அப்படிப்பட்டவனுக்கு நிஷிகோரி வீட்டில் பெண் இல்லை என்றேன். முகத்துக்கு நேரே சொன்னேன். சொன்னதற்காக வருந்தவும் இல்லை.

அன்றிலிருந்து சிஹாரு என் சட்டைகளை இஸ்திரி போடுகிறாள், சூப் சூடாக வைக்கிறாள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை யாருக்கும் முன்னால் போய் அந்த ஓட்டைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கழுத்துப் பட்டையை மூன்று முறை கட்டி அவிழ்த்தேன். ஏழரைக்கு வாசலுக்கு வந்தால், சிஹாரு கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"நானும் வரேன்."

"எட்டரைக்குத்தானே கூப்பிட்டிருக்காங்க? நீ அப்புறமா வா."

"நீங்களும் அப்புறமா போகலாமே."

முன்னால் நடந்தேன். அகழிப் பாலத்தில் இன்னொரு தொல்லை காத்திருந்தது. என் தங்கை சுமியே, கையில் தேநீர்க் குடுவையோடும், உருண்டைச் சோறு கட்டிய பொட்டலத்தோடும்.

"அண்ணா! என்ன இப்படி ஓடி வரீங்க? கோட்டையை யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களா?"

"உன்னை யாரு இந்நேரத்துக்கு வரச் சொன்னது?"

"உங்களை எழுபத்தொரு வருஷமாப் பாக்கறேன். எட்டரைன்னு சொன்னீங்கன்னா ஏழரைக்கே வாசல்ல நிப்பீங்கன்னு தெரியாதா?" என்றவள் சிஹாருவின் பக்கம் திரும்பினாள். "என்னடி, அப்பாவும் பொண்ணும் பேச ஆரம்பிச்சாச்சா?"

"பேசறோம் அத்தை. 'உப்பு', 'குடை', 'கதவைச் சாத்து'. மூணு வார்த்தை."

"உங்க அம்மா இருந்தவரைக்கும் ரெண்டுதான். இது பரவாயில்லை."

கல்படிகளில் ஏறினோம். எதிரியின் நடை குலைய வேண்டும் என்று ஒன்றுக்கொன்று உயரம் மாற்றிப் போட்ட படிகள் அவை. சிறுவயதிலிருந்து எனக்கு மனப்பாடம். அன்றைக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது.

இரண்டாம் முற்றத்தில் வெள்ளைக் கூடாரம் போட்டு, நீள மேஜைகளில் ஓடுகளைப் பின்புறம் தெரியும்படி பரப்பியிருந்தார்கள். வெயில் படாத மை, நேற்று எழுதியதுபோல் கறுப்பாக இருந்தது. சீக்கிரம் வந்தது நாங்கள் மட்டுமல்ல. ஊரில் பாதி அங்கே குனிந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் சிரிப்பு, ஓரிடத்தில் கைக்குட்டை.

சுமியே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இங்க பாருங்க, மீன்கடை ஓயாமா! 'மாமியாருக்குக் காது கேட்காமல் போகட்டும்'னு எழுதியிருக்கார்!"

"சத்தமாப் படிக்காதே."

"கோட்டைக் கூரையிலயே எழுதியாச்சு, நான் மெதுவாப் படிச்சா மட்டும்? சிஹாரு, அந்தம்மா தொண்ணூத்தெட்டு வயசு வரைக்கும் இருந்தா. கடைசி வரைக்கும் பாம்புக் காது."

நூற்றுப் பதினெட்டு எங்கள் எண். நூற்றுப் பதினேழு இருந்தது. நூற்றுப் பத்தொன்பது இருந்தது. நடுவில் துணி விரிப்பு மட்டும் தெரிந்தது.

தொலைபேசியில் கேட்ட குரல் என் பின்னால் கேட்டது. ஒகினோ என்று பெயர் அட்டை குத்தியிருந்த இளம்பெண். இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

"மன்னிச்சுக்கணும். உங்க வீட்டு ஓடு மேல கோபுரத்துல இருக்குங்க. மேஸ்திரி ஹதானோ காலையில எடுத்துட்டுப் போயிட்டார்."

"எந்த ஹதானோ?" என்றாள் சுமியே. "நம்ம ஹதானோவா?"

"நம்ம ஹதானோன்னு யாரும் கிடையாது" என்றேன்.

சிஹாருவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. அவள் பொய் முகம் காட்டத் தெரியாதவள், என் மகள்.

"நான் போய் வாங்கிட்டு வரேன்" என்று அவள் நகர்ந்தபோது ஒகினோ தடுத்தாள். "மேல் தளம் மூடியிருக்குங்க. ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும். தலைக்கவசம் ஒன்னுதான் இருக்கு."

"நான்தான் போறேன்" என்றேன்.

கழுத்துப் பட்டையோடு மஞ்சள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துச் சுமியே வாயைப் பொத்தினாள். "முன்னோர் போட்ட இரும்புக் கவசத்தைவிட இது உங்களுக்கு எடுப்பா இருக்கு, அண்ணா."

கோபுர வாசலில் காலணிகளைக் கழற்றி, அவர்கள் கொடுத்த பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டேன். உள்ளே தரை பனிக்கட்டிபோல் சில்லென்றிருந்தது. படிக்கட்டு என்று பெயர்தான், ஏணிக்கு அண்ணன். மேலிருந்து பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் பின்புறமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் இறங்கும்வரை ஒதுங்கி நின்றேன். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சிறுமி என் காலைப் பார்த்தாள்.

"தாத்தா, கட்டைவிரல் வெளிய எட்டிப் பாக்குது."

என் காலுறையில் ஓட்டை. கோட்டைக்குப் போகிற நாளில் காலுறையைப் பார்த்து எடுத்து வைக்கிறவள் போய் எட்டு வருடமாகிறது. எட்டு வருடமாக நான் கோட்டைக்கு வரவும் இல்லை. விரலை மடக்கிக்கொண்டு ஏறினேன். நான்கு தளமும் அப்படித்தான் ஏறினேன்.

மேல் தளத்தில் வடக்குப் பக்கப் பலகைகள் திறந்திருந்தன. குளிர் காற்று உள்ளே வீசியது. தூரத்து மலை உச்சியில் முதல் பனியின் வெண்மை. ஹதானோ தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டுக் குனிந்தான். முப்பத்தெட்டு வயது, உலைக்களத்தில் நின்றவன்போல் முரட்டுக் கைகள்.

"எதுக்கு எங்க ஓட்டை எடுத்தே?"

"பேரு பதிவேட்டோட ஒத்துவரலைன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க, ஐயா. ஒத்துவராத ஓட்டை மேஜையில வச்சா ஊரே நின்னு படிக்கும். அதான், நீங்க முதல்ல பாக்கட்டும்னு."

மூலையில் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்ததைக் கொண்டுவந்தான். தரையில் மண்டியிட்டு, அதை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அந்த மரியாதை அவனுக்குத் தெரிந்திருந்தது.

துணியை விலக்கினேன்.

ஷோவா பேரரசர் காலத்தின் முப்பத்தாறாம் ஆண்டு, இலையுதிர்காலம். நிஷிகோரி சதாமிச்சி. மனைவி ஃபுமி. என் தந்தையின் எழுத்து; கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒவ்வொரு கோடும் நிமிர்ந்து நிற்கும். மகன் மசாவோமி, பதினோரு வயது. அது நான். மகள் சுமியே, எட்டு வயது.

எங்கள் எழுத்தில் வரிகள் வலமிருந்து இடமாகப் போகும்; என் பெயருக்கு வலப்பக்கம், அதாவது எனக்கு முன்னால், இன்னொரு வரி இருந்தது.

மூத்த மகன் யசுஹிகோ, பதினான்கு வயது.

அதை எழுதியது என் தந்தை அல்ல. மெல்லிய, சற்றே சாய்ந்த எழுத்து. என் மதிய உணவுப் பெட்டியின் மேல் பன்னிரண்டு வருடம் என் பெயரை எழுதிய கை. என் அம்மா.

இந்த ஓட்டை எழுதிய மாலை எனக்கு நினைவிருக்கிறது. மை அரைத்துக் கொடுத்தது நான். அப்பா எழுதி முடித்துத் தூரிகையை அம்மாவிடம் நீட்டினார். அம்மா என்னைப் பார்த்து, "போய்க் கிணத்துல தண்ணி கொண்டா, மை அரைச்ச கல்லைக் கழுவணும்" என்றாள். நான் திரும்பி வந்தபோது ஓட்டின் மேல் காகிதம் மூடியிருந்தது. வேண்டுதல் எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். அறுபத்து மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு என்னைத் தவிர மகன் இல்லை. ஆகவே அது அப்பாவின் மகன். பதிவேட்டில் ஏறாத மகன். பதிவேட்டில் ஏற்றாத பிள்ளையைக் கோட்டைக் கூரையில் ஏற்றியிருக்கிறார்கள்.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

"சிஹாருவுக்குத் தெரியுமா?"

"சொல்லலை. இது உங்க வீட்டு விஷயம்."

"நீ இதை வச்சு என்னை என்ன வேணா செய்திருக்கலாம்."

"செய்திருக்கலாம்" என்றான் அவன், அவ்வளவு எளிதாக. "நேத்து முழுக்க அதைத்தான் யோசிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, யோசிக்கறதுக்கு."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. பிடித்ததே எரிச்சலாகவும் இருந்தது.

"விரிசல் ஏதாவது இருக்கா?"

"ஒரு முடியளவு கூட இல்லை. பனி விழறதுக்குள்ள மூடியாகணும். இன்னிக்கு மூணு மணிக்கு வடக்குச் சரிவுல கடைசி வரிசை. நீங்க சொன்னா இப்பவே வச்சிடறேன். அப்புறம் அறுபது வருஷம் யாரும் பாக்க முடியாது."

"எழுத்து கீழ்ப்பக்கமாவா?"

"எழுத்து எப்பவும் கீழ்ப்பக்கம்தான், ஐயா."

என் தந்தையின் படம் பள்ளியில் மாட்டியிருக்கிறது. தங்கை கீழே ஊரார் ஓடுகளைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மகளுக்கு முன் நான் சொன்ன வார்த்தைகள் இன்னும் அந்த வீட்டுக் காற்றில் இருக்கின்றன. யோசிக்க என்ன இருக்கிறது?

"வை" என்றேன்.

ஹதானோ அசையவில்லை.

"வச்சிடறேன். அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒன்னு தெரியணும். கீழ ஆபீஸ் ரூம்ல ஒருத்தர் ஏழு மணியிலேருந்து உக்காந்திருக்கார். கடற்கரை ஊர்லேருந்து விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி வந்தாராம். தாதோகோரோ யசுஹிகோன்னு பேரு. வடக்குச் சரிவுல என் பேரு இருக்கு, பாக்கணும்னு கேட்டார்."

காற்றில் பலகை ஒன்று அடித்துக்கொண்டது. அவன் போய் அதைப் பிடித்து நிறுத்தினான்.

"நீ என்ன சொன்னே?"

"தேடிக்கிட்டிருக்கோம்னு சொன்னேன். ஓட்டை இப்ப வச்சுட்டா, அப்படி ஒரு பேரே இல்லைன்னு சொல்லணும். அதை நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் வந்து சொல்லணும்."

"எனக்கே உத்தரவு போடறியா?"

"இல்லைங்க. அது எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துல, ஆபீஸ்ல, போன மாசம் உங்க வீட்ல... 'இந்தப் பேரு இங்க இல்லை'ன்னு கேட்டுத்தான் பழக்கம். சொல்லிப் பழக்கமில்லை."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திட்டிவிட்டு இறங்கியிருப்பேன்.

துணியை ஓட்டின்மேல் போட்டேன். தூக்கினேன். மூன்று கிலோ இருக்கும். பிறந்த குழந்தையின் கனம்.

"கொடுங்க, நான் கொண்டு வரேன்."

"வேண்டாம்."

அந்தப் படியில் இரண்டு கையிலும் சுமையோடு யாரும் தனியாக இறங்க முடியாது. ஹதானோ என் காலணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கு இரண்டு படி கீழே, என்னைப் பார்த்தபடி பின்புறமாக இறங்கினான். நான் தடுமாறியபோதெல்லாம் அவன் கை என் முட்டிக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது, தொடவில்லை. என் காலுறையின் ஓட்டை அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

முற்றத்தில் வெயில் ஏறியிருந்தது. சுமியே ஓடி வந்தாள்.

"எவ்வளவு நேரம்! அப்பா என்ன வேண்டிக்கிட்டார்? காட்டுங்க, காட்டுங்க."

"பொறு."

ஒகினோவிடம், "அவரை வரச் சொல்லுங்க" என்றேன். யாரை என்று அவள் கேட்கவில்லை.

ஓட்டை நூற்றுப் பதினேழுக்கும் நூற்றுப் பத்தொன்பதுக்கும் நடுவில், எழுத்து மேலே தெரிய வைத்தேன். கடைசி நொடியில்கூடத் துணியோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கால் பரபரத்தது. துணியை உருவினேன்.

சுமியே உரக்கப் படிக்கத் தொடங்கினாள். "நிஷிகோரி சதாமிச்சி. மனைவி ஃபுமி. மூத்த மகன்..." நின்றாள். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தாள். "அண்ணா, இது அம்மா கையெழுத்து."

"ஆமாம்."

"யாரு இந்த யசுஹிகோ?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "நான்தாங்க" என்று ஒரு குரல் கேட்டது.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு முதியவர். பழைய கறுப்புக் கோட்டு, நன்றாகத் துடைத்த காலணிகள். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்திருந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் படத்தில் இருக்கும் முகம். தினமும் காலையில் என் கண்ணாடியில் நான் பார்க்கும் முகம்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஓட்டைத்தான் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"உங்க அம்மா எங்க அம்மாவுக்கு ஒரு தபால் அட்டை போட்டாங்க" என்றார். "'பையன் பேரைக் கோட்டைக் கூரையில, வடக்குப் பக்கம் எழுதியிருக்கேன், அவன்கிட்ட சொல்லுங்க'ன்னு. வருஷத்துக்கு ஒருதரம் வருவேன். அகழிக்கு அந்தப் பக்கம் நின்னு அண்ணாந்து பாத்துட்டுப் போயிடுவேன். மாடியெல்லாம் ஏறினதில்லை. டிக்கெட் வாங்கிட்டு ஏறி மத்தவங்க பாக்கறதையா நானும் பாக்கணும்? என்னுது கூரையில இல்ல இருக்கு?"

கடைசி வரியைச் சொன்னபோது சிரித்தார். சுமியே அழுதாள். அவளுக்கு அழுவது எப்போதுமே சுலபம். ஆனால் அழுதபடியே, "உருண்டைச் சோறு மூணுதான் கட்டிக்கிட்டு வந்தேன்" என்று ஏதோ பெரிய குற்றம்போல் சொன்னாள்.

சிஹாரு ஓட்டைப் படித்துவிட்டாள். ஹதானோவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னால் அவள் பார்வையைத் தாங்க முடிந்தது என்று எழுதினால் அது பொய்.

ஒகினோ தயங்கியபடி படிவத்தை என் முன் வைத்தாள். "மறுபடி கூரைக்கா, வீட்டுக்கான்னு குறிச்சுட்டு... இங்க, குடும்பத்துல மூத்தவர் கையெழுத்துப் போடணுங்க."

பேனாவை எடுத்தேன். பெயரின் முதல் கோட்டைப் போடக் கை தானாகப் போனது. நாற்பது ஆண்டுகளாக இந்த வீட்டில் அந்த இடத்தில் கையெழுத்திட்டவன் நான். கல்லறைக்கும் நான்தான், கல்யாணங்களுக்கும் நான்தான். சுற்றிலும் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. மீன்கடை ஓயாமாவின் பேரன்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

நிஷிகோரி வீட்டில் எதற்கும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையைச் சொல்லித்தான் நான் எல்லாரையும் அதட்டியிருக்கிறேன். அது எனக்கு வசதியாக இருக்கும்போது மட்டும் செல்லும் என்றால் அதற்குப் பெயர் வரிசை இல்லை.

படிவத்தை அப்படியே திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்து, மேஜைக்கு அந்தப் பக்கம் தள்ளினேன்.

"நீங்கதான் மூத்தவர்" என்றேன். "போடுங்க."

அவர் பேனாவை எடுத்தார். தாளின் மேல் அது இறங்குவதற்குள் நிறுத்தி, மூடியைப் பொருத்தி, படிவத்தின் ஓரத்தில் நேராக வைத்தார். முதல் முறையாக என் கண்ணைப் பார்த்தார்.

"போடறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடணும். நான் ஓட்டைப் பாக்க மட்டும் வரலை. எங்க அம்மா இன்னும் இருக்காங்க. தொண்ணூத்தேழு வயசு. உங்க வீட்டுப் பின்கட்டுல உக்காந்து கிமோனோ தைச்சவங்க."

"என்ன வேணும் அவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"செத்துப் போறதுக்குள்ள ஒரு தடவை, நிஷிகோரி வீட்டுக்கு முன்வாசல் வழியா வரணுமாம்" என்றார் என் அண்ணன். "வெளிய கார்லதான் இருக்காங்க."